காதலைச் சொல்லத் தயங்கும் கார்ட்டூன்கள்

ஜப்பானில் பையன்களைக் குறிவைத்து எடுக்கும் அனிமேத் தொடர்களில் காதலுக்குப் பஞ்சம் என்று சொன்னால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு சாதுப் பையன், அவனைச் சுற்றி நாலைந்து பெண்கள், எல்லோருக்கும் அவன் மேல் ஒரு கண். பள்ளி விழா, கடற்கரை, கோவில் திருவிழா, வாணவேடிக்கை எல்லாம் வரிசையாக வரும். ஆனால் 12 எபிசோடும் முடிந்த பிறகு யோசித்துப் பாருங்கள், யாரும் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். பையன் வாயைத் திறக்கும்போது ஒரு வாணம் வெடிக்கும், அல்லது பக்கத்தில் ரயில் ஓடும். பெண் "என்ன சொன்னே?" என்பாள். "ஒன்றுமில்லை" என்பான். அத்துடன் சுபம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேரன் புண்ணியத்தில் எனக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அவன் ஒரு நாள், "ஏன் தாத்தா இவன் கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டேங்கிறான்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. காதல் காட்சிகள் கொட்டிக் கிடக்கின்றன. காதலை மனதார நம்பி, ஆரம்பித்து, முடித்துவைக்கும் கதைகள்தான் அருமையாக இருக்கின்றன. இது ஏன் இப்படி ஆயிற்று என்று தேடிப் பார்த்ததில் ஒரு சுவையான வரலாறு கிடைத்தது.

அனிமேயின் தாய்வீடு மாங்கா இதழ்கள். நம் வார இதழ்களில் தொடர்கதை வந்த மாதிரி, அங்கே படக்கதைகள் தொடராக வரும். நன்றாக ஓடினால் தொலைக்காட்சிக்குப் போகும். அந்த இதழ்கள் ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிட்டன. 'ஷோனென்' என்றால் சிறுவன், 'ஷோஜோ' என்றால் சிறுமி. 1959 மார்ச்சில் 'ஷோனென் மேகசின்', 'ஷோனென் சண்டே' இரண்டும் வந்தன. 1968-இல் 'ஷோனென் ஜம்ப்' வந்தது. பெண்கள் பக்கம் 1955-இல் 'ரிபோன்', 1963-இல் 'மார்கரெட்'. பங்கு பிரித்த மாதிரி, பையன்களுக்கு விளையாட்டும் சண்டையும் ரோபோவும், பெண்களுக்குக் காதல். 1970-களில் ஹாகியோ மோட்டோ, தகேமியா கெய்கோ, இகேதா ரியோகோ போன்ற பெண் படைப்பாளிகள் அந்தப் பங்கைப் பெரும் சொத்தாக்கினார்கள். இகேதா 1972-இல் தொடங்கிய 'வெர்சாயின் ரோஜா' பிரெஞ்சுப் புரட்சியையே ஒரு காதல் கதைக்குப் பின்னணியாக நிறுத்தியது.

பையன்கள் இதழில் காதல் நுழைய ஒரு சாக்கு தேவைப்பட்டது. 1973-இல் கஜிவாரா இக்கி எழுதிய 'அய் தோ மகோதோ' ஷோனென் மேகசினில் வந்தபோது, காதல் முஷ்டிச் சண்டைகளுக்கு நடுவே நடந்து வந்தது. 1978-இல் அதே இதழில் யனகிசாவா கிமியோவின் 'தோந்தா கப்பிள்' வந்தபோது சிரிப்போடு வந்தது. அதே ஆண்டு ஷோனென் சண்டேயில் தகாஹாஷி ரூமிகோவின் 'உருசேய் யாட்சுரா' தொடங்கியது. இதில் காதலி வேற்றுக் கிரகத்துப் பெண். 'ரபுகோமே' என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. 'லவ் காமெடி' என்பதன் ஜப்பானியச் சுருக்கம். காமெடி என்ற போர்வை இருந்தால் பையன் வெட்கப்படாமல் காதல் கதை படிக்கலாம்.

இந்தப் போர்வையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் அடாச்சி மிட்சுரு. 1970-களில் பெண்கள் இதழ்களிலும் வரைந்து கை பழகியவர். 1981-இல் ஷோனென் சண்டேயில் 'டச்' தொடங்கினார். மேலுக்கு அது பேஸ்பால் கதை. இரட்டைச் சகோதரர்கள் தட்சுயா, கசுயா. அடுத்த வீட்டுப் பெண் மினாமி. தேசியப் பள்ளிப் போட்டி நடக்கும் கோஷியன் மைதானத்துக்குத் தன்னை அழைத்துப்போக வேண்டும் என்பது அவள் ஆசை. திறமைசாலியான கசுயா, தகுதிப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப்போய் விபத்தில் இறந்துவிடுகிறான். மிச்சக் கதை முழுவதும், இறந்த தம்பியின் இடத்தில் நின்று பந்தெறியும் அண்ணன், தம்பி நேசித்த பெண்ணிடம் தன் மனதைச் சொல்ல உரிமை உண்டா என்று தவிப்பதுதான். அடாச்சியின் மாங்காவில் கோஷியன் வெற்றியை ஆட்டமாக வரைந்து காட்டவே இல்லை. கடைசியில் ஒரு நினைவுத்தட்டு மட்டும் அதைச் சொல்கிறது. ஆனால் தட்சுயா மினாமியிடம் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடவில்லை. எது போர்வை, எது உடம்பு என்று இதிலேயே தெரிந்துவிடும்.

'டச்' அனிமே 1985 முதல் 1987 வரை ஃபுஜி டிவியில் ஞாயிறு மாலை 7 மணிக்கு 101 எபிசோடுகள் ஓடியது. பார்வையாளர் விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியதும் உண்டு. பையன் மட்டுமா பார்த்தான்? அக்கா, அம்மா, அப்பா எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கும் 'மெய்சோன் இக்கோகு'. இதுவும் தகாஹாஷி ரூமிகோதான். 1980-இல் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' என்ற, வளர்ந்த ஆண்களுக்கான இதழின் முதல் எண்ணிலேயே தொடங்கி 1987 வரை வந்தது. பழைய மரவீடு ஒன்றில் அறை வாடகைக்கு இருக்கும் கொதாய் என்ற பையன், கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றவன். வீட்டை நிர்வகிக்க வருபவள் கியோகோ, இளம் விதவை. வளர்க்கும் நாய்க்கு இறந்த கணவனின் பெயரையே வைத்திருக்கிறாள். கதையில் காலம் நிஜமாகவே நகர்கிறது. கொதாய் ஒரு சுமாரான கல்லூரியில் சேர்ந்து, படித்து முடித்து, வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் குழந்தைகள் காப்பக ஆசிரியராகிறான். திருமணத்துக்கு முன் அவன் போய்ப் பேசுவது அவளுடைய முதல் கணவனின் கல்லறையில். அவளுடைய பழைய நினைவுகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். அவள் அவனிடம் கேட்பது ஒன்றுதான்: தன்னைவிட ஒரு நாளாவது கூடுதலாக உயிரோடு இருக்க வேண்டும். இந்தக் கதை அனிமேயாக 1986 முதல் 1988 வரை 96 எபிசோடுகள், அதுவும் மாலை 7:30-க்கு வந்தது.

1987-இல் தொடங்கிய 'கிமகுரே ஆரஞ்சு ரோடு' இன்னொரு பாடம். மட்சுமோதோ இசுமி ஷோனென் ஜம்பில் வரைந்தது. நாயகன் க்யோஸ்கேக்கு அமானுஷ்ய சக்தி உண்டு. மதோகா, ஹிகாரு என்ற இரண்டு பெண்களுக்கு நடுவே 48 எபிசோடுகள் முடிவெடுக்காமல் இழுத்தடிப்பான். 1988-இல் வந்த சுமார் 70 நிமிடத் திரைப்படத்தில் இயக்குநர் மோசிசுகி தோமோமி சிரிப்பையும் மந்திர சக்தியையும் ஏறக்குறைய கழற்றி வைத்துவிட்டார். க்யோஸ்கே மதோகாவைத் தேர்ந்தெடுக்கிறான், அதனால் ஹிகாருவிடம் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் அழுவதைப் படம் அவசரப்படாமல் காட்டுகிறது. பார்க்கச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம்தான் அதன் நேர்மை. ஒருத்தியைப் பிடித்திருக்கிறது என்று சொல்வது இன்னொருத்தியிடம் இல்லை என்று சொல்வதும்தான்.

இந்த வழக்கம் ஏன் தொடரவில்லை? இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது ஒரு வீடியோ கேம். 1994 மே மாதம் கொனாமி நிறுவனம் 'தோகிமேகி மெமோரியல்' வெளியிட்டது. ஆடுபவன் உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்து, விளையாடி, பல பெண்களில் ஒருத்தியின் மனதை வெல்ல வேண்டும். பட்டமளிப்பு நாளில் பள்ளி வளாகத்திலுள்ள ஒரு மரத்தடிக்கு அவனை வரச்சொல்லி, காதலை அந்தப் பெண்தான் சொல்வாள். கவனித்தீர்களா? தட்சுயா 101 எபிசோடு பட்ட பாட்டை இங்கே பையன் படவே வேண்டாம். பிடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆடி இன்னொருத்தியை அடையலாம். விளையாட்டுக்கு இது சரி. ஆனால் இம்மாதிரி விளையாட்டுகள் பெருகி, அவை தொடர்களாகவும் ஆகி, அந்தப் பழக்கம் மற்றக் கதைகளிலும் படிந்துவிட்டது.

இரண்டாவது காசு. 1990-களின் பிற்பாதியில் இத்தகைய தொடர்கள் மாலை நேரத்திலிருந்து நள்ளிரவுக்குப் போயின. பல நிறுவனங்கள் கூட்டாகப் பணம் போட்டு எடுத்து, வட்டு விற்று மீட்கும் முறை வந்தது. இரண்டு எபிசோடு உள்ள ஒரு வட்டு 6,000, 7,000 யென். அதை வாங்குபவன் தன் அபிமானப் பெண்ணுக்காக வாங்குகிறான். நாயகன் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தால் மற்ற நான்கு பெண்களின் ரசிகர்களும் முகம் சுளிப்பார்கள். முடிவெடுக்காத நாயகன்தான் வியாபாரத்துக்கு நல்லவன். குடும்பமே பார்த்த காலத்தில் கதை முடிய வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நள்ளிரவில் தனியாகப் பார்ப்பவனுக்குக் கதை முடியாமல் இருப்பதே வசதி.

வித்தியாசத்தைப் பார்க்க 2000-இல் வந்த 'லவ் ஹினா' போதும். இங்கும் பழைய வாடகை விடுதி, இங்கும் நுழைவுத் தேர்வில் தோற்ற பையன். ஆனால் விடுதி நிர்வாகி இப்போது அந்தப் பையனே. குடியிருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். அகமட்சு கென் வரைந்த மாங்கா திருமணத்தில் முடிகிறது. தொலைக்காட்சித் தொடரோ அந்த இடத்துக்குப் போகாமலே நின்றுவிட்டது. 2010-இல் வந்த 'அமகாமி எஸ்எஸ்' இந்தச் சிக்கலுக்கு ஒரு கெட்டிக்காரத் தீர்வு கண்டது. ஒரு பெண்ணுக்கு நான்கு எபிசோடு, காதல் நிறைவேறும்; ஐந்தாவதில் எல்லாம் அழிந்து, அடுத்த பெண்ணோடு புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு கதையும் முழுசாக முடிகிறது, யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டமில்லாத காதல் மனதில் எவ்வளவு நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. விளையாட்டிலிருந்தே பிறந்த 'கிளானாட்', 2008-இல் தொடங்கிய இரண்டாம் பகுதியில் பள்ளியை விட்டு வெளியே வந்தது. நாயகன் தோமோயா மின்வேலை கற்று, கம்பம் ஏறி, சம்பளம் வாங்கி, நகிசாவை மணந்துகொள்கிறான். பிரசவத்தில் அவளை இழந்து, கைக்குழந்தையை ஏறெடுத்தும் பார்க்க முடியாமல் ஒதுங்கிப் போகிறான். முடிவில் ஓர் அற்புதம் நடக்கிறது என்றாலும், அதுவரை காட்டிய துக்கம் நிஜம். அதே ஆண்டு தொடங்கிய 'தொரதோரா' தகேமியா யுயுகோ என்ற பெண் எழுதிய நாவல் வரிசையிலிருந்து வந்தது. அதில் நாயகன் தேர்ந்தெடுக்கிறான். மற்றவர்கள் அழுதுவிட்டு எழுந்து நடக்கிறார்கள்.

2017-இல் வந்த 'சுகி கா கிரேய்' எனக்கு மிகவும் பிடித்தது. தலைப்புக்கு 'நிலா அழகாக இருக்கிறது' என்று பொருள். நாவலாசிரியர் நட்சுமே சோசேகி ஆங்கிலக் காதல் வாக்கியத்தை இப்படித்தான் மொழிபெயர்க்கச் சொன்னார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு எழுத்து ஆதாரம் கிடையாது. இதில் கவாகோயே ஊரில் ஒரு பையனும் பெண்ணும், பள்ளி மாணவர்கள். பையன் மூன்றாவது எபிசோடிலேயே சொல்லிவிடுகிறான்! மீதித் தொடர், சொன்ன பிறகு என்ன என்பதைப் பற்றி. கைபேசியில் அனுப்பும் செய்தி, பெண் வீட்டார் வேறு ஊருக்கு மாறுவது, பையன் தேர்வில் தோற்பது. போட்டிக்கு ஆட்கள் உண்டு, ஆனால் இழுத்தடிப்பு கிடையாது.

இப்போது வட்டு வியாபாரம் மங்கி, இணையத்தில் உலகமே பார்க்கும் காலம். பார்ப்பவர்கள் மறுபடியும் கலந்துவிட்டார்கள். 2023-இல் 'பொகு நோ கொகோரோ நோ யபாய் யாட்சு' வந்தது. டோரேமான் எடுக்கும் ஷின்-எய் நிறுவனத்தின் தயாரிப்பு. இச்சிகாவா என்ற சிடுமூஞ்சிப் பையன், உடன் படிக்கும் யமதா அடிபட்டு அழுவதை மறைவிலிருந்து பார்க்கிறான். தன் கண்ணிலும் நீர் வருகிறது. தனக்கு அவள்மேல் இருப்பது என்ன என்று அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. இரண்டாம் பருவத்தின் முடிவில் அதை வாய்விட்டும் சொல்கிறான்.

பையன்களுக்கு உண்மையான காதல் கதை வேண்டாம் என்று எந்தக் காலத்திலும் யாரும் சொல்லவில்லை. 'டச்' ஓடிய ஓட்டமே சாட்சி. விற்பவர்கள்தான் முடிவில்லாத கதைக்கு அவர்களைப் பழக்கினார்கள். பதின்ம வயதுப் பையன் ஒருவன் ஒரு பெண்ணிடம் நேராகப் பேசவும், அவள் மறுத்தால் தாங்கிக்கொள்ளவும், தான் மறுக்க வேண்டியிருந்தால் மரியாதையாக மறுக்கவும் எங்கே கற்றுக்கொள்வான்? வீட்டில் பேசுவதில்லை, பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. கதைகளாவது வாயைத் திறக்க வேண்டாமா?

எதிலிருந்து ஆரம்பிப்பது என்பவர்களுக்கு என் சிபாரிசு 'சுகி கா கிரேய்'. 12 எபிசோடுதான், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். கடைசி எபிசோடில் பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். பின்னால் ஓடும் கைபேசிச் செய்திகளைப் பாருங்கள், அவர்களுடைய அடுத்த பல வருடங்கள் அதில்தான் இருக்கின்றன.