அச்சுறுத்தும் பாடமும் பழக்கும் பாடமும்: பள்ளிகளில் போதைத் தடுப்புக் கல்வியின் வரலாறு

2016 டிசம்பர் 14 அன்று, பச்பன் பசாவோ ஆந்தோலன் அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு மூன்று கட்டளைகளைப் பிறப்பித்தது. சிறாரின் போதைப்பொருள் பயன்பாடு குறித்த தேசியக் கணக்கெடுப்பை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். விரிவான தேசியத் திட்டமொன்றை நான்கு மாதங்களுக்குள் வகுக்க வேண்டும். பள்ளிப் பாடத்திட்டத்தில் இதற்கெனத் தனி உள்ளடக்கம் சேர்க்க வேண்டும். முதலிரண்டும் நிர்வாகப் பணிகள். மூன்றாவது கல்வியியல் சார்ந்த கேள்வி: வகுப்பறையில் எதைக் கற்பித்தால் ஒரு குழந்தை போதையிலிருந்து விலகி நிற்கும்? இக்கேள்விக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வெற்றிகளைக் காட்டிலும் தோல்விகளே நமக்குக் கூடுதலாகக் கற்பிக்கின்றன.

அமெரிக்காவில் 1880களில் கிறித்தவ மகளிர் மதுவிலக்குச் சங்கத்தின் கல்விப் பிரிவை வழிநடத்திய மேரி ஹன்ட், மதுவின் தீங்கைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கப் போராடினார். 1882இல் வெர்மான்ட் மாநிலம் முதற்சட்டம் இயற்றியது. 1901க்குள் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. எந்தப் பாடநூல் தகுதியுடையது என்பதைத் தீர்மானிக்கும் செல்வாக்கும் ஹன்டிடமே இருந்தது. சிறிதளவு மதுவும் நஞ்சே என்று அந்நூல்கள் போதித்தன. அறிஞர்கள் அடங்கிய ஐம்பதின்மர் குழு, 1903இல் வெளியிட்ட அறிக்கையில் அவற்றின் மிகைகளைக் கடுமையாகச் சாடியது. எனினும், தீங்கை அழுத்திச் சொன்னால் குழந்தை அஞ்சி விலகும் என்னும் நம்பிக்கை அழியவில்லை. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' திட்டம், சீருடை அணிந்த காவலரையே வகுப்பறைக்கு ஆசிரியராக அனுப்பியது. அதுவரை வெளிவந்த மதிப்பீடுகளை 1994இல் தொகுத்து ஆராய்ந்தவர்கள், போதைப்பொருள் பயன்பாட்டைக் குறைப்பதில் அத்திட்டத்தின் பயன் மிகச் சிறிது என்று கண்டனர். மாணவர்களின் அறிவு வளர்ந்தது. நடத்தை அதற்கேற்ப மாறவில்லை.

மாற்று வழி சமூக உளவியலிலிருந்து வந்தது. 1970களில் ஹூஸ்டனில் ரிச்சர்ட் எவன்ஸ் மேற்கொண்ட ஆய்வுகள், புகையின் தீங்கை அறிந்த மாணவரும் புகைக்கத் தொடங்குவது ஏன் என்று வினவின. நண்பரின் வற்புறுத்தல், விளம்பரத்தின் கவர்ச்சி, 'எல்லோரும் செய்கிறார்கள்' என்னும் தவறான மதிப்பீடு ஆகியவை அறியாமையைவிட வலிமையானவை என்ற புரிதல் இவ்வழியில் உருவானது. கில்பர்ட் பாட்வின் இதனை வாழ்க்கைத் திறன் பயிற்சியாக விரித்தார். மறுத்துச் சொல்லவும், முடிவெடுக்கவும், மன அழுத்தத்தைக் கையாளவும் மாணவர் வகுப்பிலேயே நடித்துப் பழகினர். 1990களில் உலக சுகாதார நிறுவனம் பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்து இதனைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது.

இந்தியா இச்சிக்கலை முதன்மையாகச் சட்டத்தின் வழியே அணுகியது. அரசமைப்பின் 47ஆம் உறுப்பு மதுவிலக்கை அரசின் நெறியாக்கியது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருள் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்பனையைத் தடை செய்தது. இச்சட்டங்கள் பள்ளியின் வாயிலைக் காத்தன. உள்ளே என்ன பேசுவது என்பதற்கு, 2005இல் தொடங்கிய வளரிளம்பருவக் கல்வித் திட்டம் ஒரு விடை தந்தது. அதில் எச்.ஐ.வி. விழிப்புணர்வோடு போதைத் தடுப்பும் வாழ்க்கைத் திறன்களும் இணைந்திருந்தன. ஆனால் 2007இல் பாலியல் கல்விக்கு எதிராக எழுந்த கண்டனத்தால் மகாராட்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் அத்திட்டத்தை நிறுத்தின. நீட்டிய பீடியை எப்படி மறுப்பது என்று பழக்கும் பாடம், தனக்குத் தொடர்பில்லாத சர்ச்சையில் சிக்கி முடங்கியது.

இதே காலத்தில் தில்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் 'மைத்ரி' என்னும் சமவாய்ப்பு முறை ஆய்வு நடந்தது. 2004இல் எடுத்த முதற்கணக்கிலேயே திடுக்கிட வைக்கும் செய்தி ஒன்று வெளிப்பட்டது: புகையிலையைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் எட்டாம் வகுப்பில் 9.3 விழுக்காடு, ஆறாம் வகுப்பில் 24.8 விழுக்காடு. அதாவது இளையோர் மூத்தோரை முந்திவிட்டிருந்தனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில், ஒரு பகுதிப் பள்ளிகளில் வகுப்பறைச் செயல்பாடுகள், சுவரொட்டிகள், பெற்றோர் பங்கேற்பு, சக மாணவர் தலைமையிலான பரப்புரை ஆகியவை சேர்ந்து நடைபெற்றன. முடிவில், திட்டம் நடைபெறாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 விழுக்காடு உயர்ந்தது. நடைபெற்ற பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 2009இல் வெளியாயிற்று. நீதிமன்றம் கட்டளையிடுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, இந்திய மண்ணில் சோதிக்கப்பட்ட விடை ஒன்று கையில் இருந்தது.

2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு இவ்வரலாற்றின் மற்றொரு குறையைச் சுட்டியது. முகர்ந்து போதை ஏற்றும் பொருள்களில் மட்டும் 10 முதல் 17 வயதினரின் பயன்பாடு (1.17 விழுக்காடு) பெரியவர்களின் பயன்பாட்டைவிட (0.58 விழுக்காடு) மிகுந்திருந்தது. பசை, ஒயிட்னர், பெட்ரோல் போன்றவை அன்றாடப் புழக்கத்தில் உள்ள பொருள்கள். கஞ்சாவைத் தடுப்பதுபோல் இவற்றைச் சட்டத்தால் தடுக்க இயலாது. ஆகவே கல்வியின் பொறுப்பு கூடுகிறது. ஆனால் இவற்றுக்கு எளிதில் ஆளாகும் தெருவோரச் சிறாரில் பலர் வகுப்பறைக்கே வராதவர்கள். பள்ளிவழித் தடுப்பு பள்ளியில் நிலைத்திருக்கும் குழந்தையையே சென்றடையும். போதையோடு பிடிபட்ட மாணவனை நீக்கும் பள்ளி, தன் பாடம் யாருக்கு மிகவும் தேவையோ அவனையே அப்பாடத்தின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

2020இல் பள்ளி நலத் திட்டம் போதைத் தடுப்பைத் தன் 11 கருப்பொருள்களுள் ஒன்றாக ஏற்றது. பள்ளிக்கு இரு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்கப் பணித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று போதையில்லா இந்தியா இயக்கம் 272 மாவட்டங்களில் தொடங்கியது. வாழ்க்கைத் திறன் என்னும் சொல் இன்று அரசுக் கையேடுகளில் இடம்பெற்றுவிட்டது. எனினும் பேரணி, சுவரொட்டிப் போட்டி, ஒருநாள் உறுதிமொழி ஆகியவையே எளிதில் எண்ணிக் காட்டக்கூடிய சாதனைகளாக நிற்கின்றன. எத்தனை மாணவர் உறுதிமொழி ஏற்றனர் என்பது வருகைப் பதிவேடு தரும் விடை. எத்தனை அமர்வுகள் நடந்தன, யார் நடத்தினார், மாணவர் எதைப் பழகினர், ஈராண்டுக்குப் பின் எவ்வளவு பேர் விலகி நின்றனர் என்பவையே தடுப்புக் கல்வியின் கேள்விகள். மேரி ஹன்டின் பாடநூல்கள் நாடெங்கும் சென்று சேர்ந்தன. பரவலில் அவருக்குக் குறையே இல்லை. பரவலை வெற்றி எனக் கொண்டதுதான் அவ்வரலாறு விட்டுச்சென்ற பிழை. அதே அளவுகோலை இந்தியப் பள்ளிகளும் கையில் எடுத்தால், 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மூன்றாம் கட்டளை ஏட்டில் மட்டுமே நிறைவேறியதாகும்.