பள்ளியான மாளிகைகள்

'பள்ளி' என்னும் சொல் முற்காலத்தில் சமண முனிவர்தம் உறைவிடத்தைக் குறித்தது. அம்முனிவர் அங்கே எழுத்தும் அறமும் கற்பித்தமையால் அச்சொல்லே பின்னர்க் கல்விக்கூடத்துக்கும் பெயராயிற்று என்பர். உறைவிடம் கல்விக்கூடமாதல் தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரை அதற்கு இரு சான்றுகளைத் தருகிறது.

சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபுக்காக 1768ஆம் ஆண்டு எழுந்த அரண்மனையின் ஒரு பகுதி கலச மகால். நவாபின் ஆட்சியுரிமை 1855இல் முடிவுற்றபின் அரண்மனை அரசின் உடைமையாயிற்று. பொறியியற் கல்லூரி 1920இல் கிண்டிக்குப் பெயரும்வரை கலச மகாலில் நடைபெற்றது. கட்டடக் கலை பயின்ற மாணாக்கருக்கு அம்மகாலின் சுவர்களும் வளைவுகளுமே பாடமாக நின்றன. 2012 சனவரியில் தீக்கிரையான அம்மகால், மீண்டும் செப்பனிடப்பட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இருப்பிடமாயிற்று.

மயிலைக் கடற்கரையில் நின்ற கேப்பர் இல்லம் ஒரு படைத்தலைவரின் மனை, பின்னர் விடுதியாயிற்று. 1914இல் டோரதி டி லா ஹே அம்மையாரை முதல்வராகக் கொண்டு, 37 மாணவியருடன் சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி அங்கே தொடங்கிற்று. இராணி மேரிக் கல்லூரி என 1917இல் பெயர் பெற்ற அந்நிறுவனம், பென்ட்லாந்து, ஸ்டோன், ஜெய்ப்பூர் இல்லங்களுடன் விரிந்தது. 2003இல் அவ்வளாகத்தில் தலைமைச் செயலகம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது மாணவியர் எதிர்த்து நின்றனர்; திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் தாய்மனையான கேப்பர் இல்லம் பழுதுற்று மறைந்தது. எதிர்ப்பினால் வளாகம் நிலைத்தது. காலத்தே பழுதுபாராத மனை நிலைக்கவில்லை.

இழப்பின் துயரைத் தமிழ்ச் சமணர் நன்கறிவர். மயிலையில் நேமிநாதர் கோயில் விளங்கிற்று. குணவீர பண்டிதரின் இலக்கண நூல் அப்பெருமான் பெயரால் 'நேமிநாதம்' எனப்பட்டது. கடல்கோளுக்கு அஞ்சித் திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. திருவுருவம் காக்கப்பட்டது, கோயிலோ இன்று மயிலையில் இல்லை.

கோயிலைச் செப்பனிடும் சீர்ணோத்தாரணத்தைப் பேரறமாகப் போற்றுவது சமண மரபு. அவ்வறம் கோயிலோடு முடிய வேண்டுவதில்லை. திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களில், நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோரின் முற்றங்கொண்ட வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆள் புழங்காத வீட்டில் ஓடு சரியும், மழைநீர் இறங்கும், உத்திரம் உளுக்கும். அவற்றுள் ஊருக்கு ஒன்றேனும் ஓலைச்சுவடி காக்கும் நூலகமாகவோ, சிறுவர்க்கு நீதிநூல் பயிற்றும் கூடமாகவோ மாறுமாயின், உடையவர்க்குப் புகழும் ஊருக்குப் பயனும் உண்டாம். உள்ளதைப் பேணிக்கொள்வது மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்துக்கும் இயைந்தது.

முனிவர் உறைவிடம் பள்ளியாயிற்று. படைத்தலைவர் மனை கல்லூரியாயிற்று. முன்னோர் வாழ்ந்த இல்லமும் மீண்டும் பள்ளியாகலாம். கூரை நிற்கும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.