பீரோவை விட்டுப் போனவர்: வாடகை பாக்கியின் பழைய கதை



சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில், ஒரு சனிக்கிழமை இரவு, என் வீட்டு மாடியில் குடியிருந்தவர் காலி செய்துகொண்டு போய்விட்டார். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்திருந்தார். காலையில் மேலே போய்ப் பார்த்தால், கூடத்தில் ஒரு பழைய இரும்பு பீரோ மட்டும் நின்றது. ஜனவரியிலிருந்து அவர் வாடகை தரவில்லை. கேட்டபோதெல்லாம், "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார், சீக்கிரம் காலி பண்ணிடறோம்" என்பார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். வேலை பார்த்த காலமெல்லாம் வங்கியில் ஊரார் பாக்கியைக் கணக்கெழுதியவன், சொந்தப் பாக்கியில் கோட்டை விட்டேன்.

"பீரோவை வித்துடுங்கப்பா" என்றான் மகன். விற்கலாமா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்ப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டுக்காரர்கள், பலர் வாடகைக்கு இருப்பவர்கள். இருவருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

நம் ஊர் வாடகைச் சட்டத்தின் ஒரு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே வாடகை பாக்கி விழுந்தால், வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகாமலே குடித்தனக்காரரின் சாமான்களைப் பிடித்து வைக்கலாம். அதனால் பாக்கிக்காரர்கள் சாமான்களோடு இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். 1709-ல் ஒரு சட்டம் வந்தது: ரகசியமாகக் கொண்டுபோன சாமானை 5 நாட்களுக்குள் எங்கே இருந்தாலும் பிடிக்கலாம். அது போதவில்லை போலும். 1737-ல் அதை 30 நாட்களாக்கினார்கள். ஒளித்த சாமானின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு அபராதம். தூக்க உதவி செய்தவருக்கும் அதே கதி. ஒரு வருட வாடகை பாக்கியோடு ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. இரண்டு நீதிபதிகள் வந்து பார்த்துக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். குறைந்தது 14 நாள் கழித்து மறுபடி வருவார்கள். அப்போதும் வாடகை வராவிட்டால் வீடு உரிமையாளர் கைக்கு வரும்.

இந்த முறையை வெள்ளைக்காரர்கள் சென்னைக்கும் கொண்டுவந்தார்கள், ஆனால் கொஞ்சம் கட்டுப்படுத்தி. 1882-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டத்தில், கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களுக்கென்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. வீட்டுக்காரர் தானாகக் கை வைக்க முடியாது. கோர்ட்டில் மனுப் போட்டு வாரண்ட் வாங்க வேண்டும், அதுவும் 12 மாத பாக்கிக்கு மேல் கேட்க முடியாது. அமீனா வருவார், ஆனால் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில்தான் வரலாம். உடுத்தத் தேவையான துணிமணிகளைத் தொடக்கூடாது. ஜப்தியை எதிர்த்துச் சொல்லக் குடித்தனக்காரருக்கு 5 நாள் அவகாசம்.

முக்கியமான வரி ஒன்று இதில் உண்டு. அந்த வீட்டுக்குள் இருக்கும் சாமான்களைத்தான் அமீனா ஜப்தி செய்யலாம். அதாவது, ஆளும் சாமானும் உள்ளே இருக்கும்வரைதான் இந்தச் சட்டத்துக்குப் பலம்.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. நகரத்தில் வீட்டுக்குத் தட்டுப்பாடு. 1941-ல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. போர் முடிந்ததும் 1946-ல் அது சட்டமானது. பிறகு 1949-லும் 1960-லும் புதுச் சட்டங்கள். இப்போது கவலை குடித்தனக்காரரின் பக்கம் திரும்பியது. பாக்கி இருந்தால் மட்டும் ஆளை வெளியேற்ற முடியாது. வேண்டுமென்றே கட்டாமல் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். வீட்டுக்காரர் இரண்டு மாத அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பியும் கட்டாவிட்டால் அது வேண்டுமென்றே என்று 1973-ல் விளக்கம் சேர்த்தார்கள். இந்தச் சட்டமும் வீட்டில் இருப்பவரைப் பற்றியே பேசியது. போய்விட்டவரிடம் எப்படி வசூலிப்பது?

அதற்கு ஊரே ஒரு வழி கண்டுபிடித்தது: அட்வான்ஸ். 1960 சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஆனால் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வீட்டுக்காரரின் பேராசை என்று நானும் வாடகைக்கு இருந்த நாளில் திட்டியிருக்கிறேன். பேராசையும் இருந்தது. ஆனால் போனவரைப் பிடிக்க வேறு வழி இல்லை என்ற பயமும் இருந்தது.

2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தமிழ்நாட்டுச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தப் பார்க்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். சாமான் விஷயத்தில் பழைய பாடம் இன்றும் மாறவில்லை: கோர்ட் உத்தரவு இல்லாமல் நாமாக எடுத்து விற்க இடமில்லை. இங்கிலாந்திலேயே அந்தப் பழைய ஜப்தி முறையை 2014-ல் ஒழித்துவிட்டார்கள்.

ஆகவே மகனிடம் வேண்டாம் என்றேன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாடகை 4 மாதம் 48,000 ரூபாய். இ.பி. பில் இரண்டு, 5,640. இணைப்பு என் பெயரில் இருப்பதால் அதை நானே கட்ட வேண்டியிருந்தது. பராமரிப்புக் கட்டணம் 2,000. மொத்தம் 55,640. அட்வான்ஸ் 36,000 போக, பாக்கி 19,640.

இரண்டு வாரம் கழித்து பீரோவுக்காக அவரே வந்தார், மனைவியும் கூட. கம்பெனியில் நாலு மாதமாகச் சம்பளம் இழுத்தடிப்பு என்றார். காபி கொடுத்துக் கணக்கைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. கீழே தேதி போட்டு, பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பீரோவைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் கையெழுத்தின் மதிப்பு வங்கிக்காரனுக்குத் தெரியும். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. அதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். இந்த ஒப்புகைக் கடிதத்துக்காக எத்தனை வீட்டுப் படி ஏறியிருக்கிறேன்!

இதுவரை 11,000 ரூபாய் வந்திருக்கிறது. இன்னும் 8,640 வர வேண்டும். வரும் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கே காலி செய்யும் தேதியை எழுதி வாங்குங்கள், இ.பி., பராமரிப்புக் கட்டணத்துக்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று. கஷ்டம் என்றால் முதல் மாதமே வந்து சொல்லுங்கள். இரவில் கிளம்ப வேண்டிய அவசியமே வராது.