பழைய படகா, புதிய படகா?

சிறிய பாய்மரப் படகு ஒன்றை விலைக்கு வாங்க விரும்புகிறவன் முதலில் கேட்கும் வினா, பழையது வாங்குவதா, புதியது வாங்குவதா என்பதே. விலையைக் கொண்டு விடை கூறுவார் உளர். தோற்றத்தைக் கொண்டு கூறுவாரும் உளர். பல்லாண்டுகள் வரலாறு பயிற்றிய நான், மூன்று படகுகளின் வரலாற்றைக் கொண்டு விடை காண விழைகின்றேன். மூன்றும், தனி ஒருவரே செலுத்தி உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட படகுகள்.

முதற் படகு 'ஸ்பிரே'. அதன் தலைவர் ஜோஷுவா ஸ்லோகம், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-இல் பிறந்தவர். பெரும் பாய்க்கப்பல்களை நடத்தியவர். நீராவிக் கப்பல்கள் பெருகவே, அவர் தொழில் நலிந்தது. 1892-இல் நண்பர் ஒருவர், சிறிது பழுது பார்க்கவேண்டிய கப்பல் ஒன்றை அவருக்கு இனாமாகத் தர முன்வந்தார். அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் என்னும் ஊருக்கு ஸ்லோகம் சென்று பார்த்தார். கப்பல் கடலில் இல்லை. கரைக்கு அப்பால் ஒரு வயலில், முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டுக் கித்தான் போர்த்திக் கிடந்தது!

மற்றவர் நகைத்துத் திரும்பியிருப்பர். ஸ்லோகமோ, அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி, படகின் முதுகெலும்பாகிய அடிக்கட்டையைப் புதிதாகச் செய்தார். விலாக்கட்டைகளையும் பலகைகளையும் ஒவ்வொன்றாக மாற்றினார். செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு 13 மாதம். இனாமாக வந்த படகின் உண்மை விலை இதுவே என்பதைக் கருதுங்கள். 1895 ஏப்ரல் 24-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டவர், ஏறத்தாழ 46,000 மைல் கடந்து, 1898 ஜூன் 27-இல் நியூபோர்ட் துறையை அடைந்தார். உலகைத் தனியே கடல்வழி சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் 'ஸ்பிரே' தானே நேர்வழி செல்லும். இந்துமாக்கடலில் 2,700 மைல் தொலைவை 23 நாளில் கடந்தபோது, அவர் சுக்கான் பிடித்தது ஏறக்குறைய மூன்று மணி நேரமே.

இரண்டாவது படகு, நம் நாட்டிலேயே பிறந்த 'சுஹைலி'. ஆங்கிலேய வணிகக் கப்பல் அதிகாரியான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில் இந்தியத் தேக்கினால் கட்டுவித்த 32 அடிப் படகு அது. எங்கும் கரை சேராமல் உலகைத் தனியே சுற்றும் பந்தயம் ஒன்று 1968-இல் அறிவிக்கப்பட்டது. அத்தகைய பயணத்துக்கு அவர் முதலில் நாடியது பெரியதொரு புதிய படகையே. பணம் கிட்டவில்லை. ஆகவே, பம்பாயிலிருந்து இங்கிலாந்து வரையில் தாம் ஏறிவந்த 'சுஹைலி'யிலேயே புறப்பட்டார். அட்லாண்டிக் கடலில் படகுக்குள் நீர் கசிந்தது. அவர் கடலுள் மூழ்கி, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைத்தார். அலையும் புயலும் படகை நைத்தன. ஆயினும் 312 நாட்களுக்குப்பின், 1969 ஏப்ரல் 22-இல் அவர் ஃபால்மத் துறைக்குத் திரும்பினார். ஒன்பதின்மர் புறப்பட்ட அப்பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

மூன்றாவது படகு அதே பந்தயத்தைச் சார்ந்தது. டொனால்டு க்ரோஹர்ஸ்ட் என்பவர், மூன்று உடல் கொண்ட 40 அடிப் படகொன்றை ஒட்டுப்பலகையால் விரைந்து கட்டுவித்தார். புறப்படுவதற்குரிய இறுதி நாளாகிய 1968 அக்டோபர் 31-இல், வேலை முற்றுப்பெறாத நிலையிலேயே கடலில் இறங்கினார். சில வாரங்களில் நீர் கசிந்தது. முன்னே செல்லப் படகு தாங்காது. திரும்பினாலோ கடன் அழுத்தும். செல்லாத இடங்களுக்குச் சென்றதாக வானொலிவழிச் செய்தி அனுப்பினார். 1969 ஜூலையில் படகு மட்டும் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தாம் வென்ற 5,000 பவுன் பரிசை அவர் குடும்பத்துக்கே அளித்தார்.

இவற்றால் நாம் அறிவது யாது? பழையது வென்றது, புதியது தோற்றது என்று நான் கூறவில்லை. முதலிருவர் தம் படகின் ஒவ்வோர் இணைப்பையும் அறிந்திருந்தனர். மூன்றாமவருக்கு அறியக் காலம் வாய்க்கவில்லை.

ஆதலின், பழைய மரப்படகை வாங்குவோர் வண்ணப்பூச்சைக் கண்டு மயங்கலாகாது. அடித்தளப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். மழைநீர் தேங்கும் மூலைகளே முதலில் உளுத்துப்போகும்; உரிமையாளர் இசைவுடன் அங்கே கத்திமுனையை வைத்து அழுத்துங்கள். எளிதாக இறங்கினால் மரம் கெட்டது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும். கெட்ட மரம் மந்தமாக ஒலிக்கும். ஆணிகள் துருவேறியுள்ளனவா என நோக்குங்கள். தேர்ந்த தச்சர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். பழுதுச் செலவை விலையோடு கூட்டிய பின்னரே, மலிவா அன்றா என்று முடிவு செய்யுங்கள்.

புதியதை வாங்குவோர், பாய், கயிறு, நங்கூரம் ஆகியவை விலையில் அடங்குமா எனக் கேளுங்கள். காற்றுள்ள நாளில் கடலில் ஓட்டிப் பார்க்காமல் முழுப்பணமும் கொடாதீர்கள். குறித்த நாளில் புறப்பட்டே ஆகவேண்டுமென்ற அவசரம் எந்த ஓட்டையையும் அடைக்காது.

படகின் வயதைக் கேட்பது தவறன்று. ஆயினும், அதன் உள்ளும் புறமும் நமக்குத் தெரியுமா என்ற வினாவே முதலில் வரவேண்டும். கரையில் நாம் கேளாமல் விட்ட வினாவைக் கடல் கேட்டே தீரும்.