டெலிபிராம்ப்டர் வலையமைப்பு

டெலிபிராம்ப்டர் வலையமைப்பு என்பது செய்தியறையில் எழுதப்படும் வாசிப்புப் பிரதியை, உள்ளகக் கணினி வலையமைப்பு வழியாகக் கலையகத்தின் வாசிப்புத் திரைக்குக் கொண்டுசெல்லும் ஒளிபரப்பு ஏற்பாடாகும். 1950இல் அமெரிக்காவில் ஹியூபர்ட் ஷ்லாஃப்ளி உள்ளிட்டோர் உருவாக்கிய முதல் டெலிபிராம்ப்டர் கருவி காகிதச் சுருளால் இயங்கியது. கணினிகள் வந்தபின் அச்சிட்ட பிரதியின் தேவை குறைந்தது.

ஆசிரியர், தயாரிப்பாளர், வாசிப்புத் திரையை இயக்குபவர் ஆகியோரின் கணினிகள் ஒரே சுவிட்சில் இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நிலையான ஐபி முகவரி வழங்கப்படும். பிரதிகள் பகிர்வுக் கோப்புறையில் இருக்கும். திருத்தும் உரிமை ஆசிரியருக்கு மட்டும் இருப்பதே பாதுகாப்பானது. கேமராவின் முன்னுள்ள சாய்ந்த கண்ணாடியில் நேராகத் தெரிவதற்காக, எழுத்துகள் இடவலம் மாற்றி அனுப்பப்படும். இணைப்பு அறுந்தாலும் வாசிப்பு நிற்காதிருக்க, திரைக்கணினியில் தனிப்படி ஒன்று கட்டாயம் வேண்டும். இலங்கையின் மன்னார்த் தீவு போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிப்பதால் அவற்றை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

தமிழில் பெருஞ்சிக்கல் எழுத்துருவே. இலங்கையில் பரவலான பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பிரதி, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும்; நேரலையில் அதைச் சீராக்க அவகாசம் கிடையாது. யுனிகோடுக்கு மாற்றிய பிரதிக்கு இத்தடையில்லை. ஆயினும் கொம்பு, கால் ஆகிய குறிகள் உரிய இடத்தில் அமைகின்றனவா என்பதை வாசிப்புத் திரையிலேயே பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.