ஒப்புநோக்கலும் பொறுக்கும் அளவும்

கணக்கைச் செய்து முடிப்பது ஒன்று; அது சரியா என்று அறிவது மற்றொன்று. பின்னதற்கு மாந்தர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழி ஒப்புநோக்குதல் ஆகும். கணினி வந்த பின்னரும் அவ்வழி மாறவில்லை. ஆயினும், இரு மதிப்புகள் 'ஒன்றே' என்று எப்போது கூறலாம் என்னும் வினா முன்னினும் கடினமாயிற்று.

1821-ஆம் ஆண்டில் சார்லஸ் பாபேஜும் ஜான் ஹெர்ஷெலும் இலண்டனில் வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்தனர். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே செய்திருந்தனர். அவ்விரு விடைகளையும் எண்ணுக்கு எண் பொருத்திப் பார்த்தபோது, வேறுபாடுகள் பல தென்பட்டன. இவற்றை நீராவி கணக்கிடலாகாதா என்று பாபேஜ் சலித்துக்கொண்டார். கணக்கிடும் பொறியொன்றை அமைக்கும் முயற்சியில் அவர் இறங்கியது அதன் பின்னரே.

பொறிகள் வந்த பின்பு, பொறிக்கு இடும் கட்டளைகளிலேயே பிழை புகுந்தது. 1949-இல் ஆலன் டூரிங் கேம்பிரிட்ஜில் இதற்கு ஒரு வழி கூறினார். 'இவ்விடத்தில் இது மெய்யாக இருத்தல் வேண்டும்' என்னும் உறுதிக்கூற்றுகளைக் கட்டளை எழுதுவோரே ஆங்காங்கே வைத்தல் வேண்டும். சரிபார்ப்பவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம் என்பது அவர் கருத்து.

1997-இல் கெண்ட் பெக், எரிக் காமா ஆகிய இருவரும் ஜாவா மொழிக்கென 'ஜேயூனிட்' என்னும் சோதனைக் கருவியை உருவாக்கினர். அதில் எதிர்பார்க்கும் மதிப்பை முன்னும், கிடைத்த மதிப்பைப் பின்னும் எழுதுவர். இரண்டும் ஒவ்வாவிடில் சோதனை தோற்றதாகக் கருவியே அறிவித்துவிடும்.

முழு எண்களுக்கு இம்முறை போதும், பின்னங்களுக்குப் போதாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என முடிவின்றி நீளும் அன்றோ? அதுபோலவே, பத்தில் ஒன்று இரும எண்முறையில் முடிவின்றி நீளும். கணினி அதனை ஓரிடத்தில் வெட்டியே வைத்துக்கொள்ளும். வில்லியம் கஹான் பெரும்பங்கு ஆற்றிய 1985-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர முறைப்படி, இரட்டைத் துல்லியத்தில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 கிடைக்கும். இது பொறியின் பழுதன்று. மாணவன் 0.333-ஐ மூன்றால் பெருக்கி 0.999 என்று எழுதினால், பெருக்கல் தவறென்று ஆசிரியர் அடித்துவிடுவதில்லை. ஆதலின் ஜேயூனிட்டில் பின்னங்களை ஒப்பிட மூன்றாவது எண்ணொன்றும் வேண்டியதாயிற்று. அது பொறுத்துக்கொள்ளத்தக்க வேறுபாட்டின் அளவு.

இவ்வளவு மிகச் சிறிதாயின் நல்ல கணக்கும் தோற்கும். மிகப் பெரிதாயின் தீய கணக்கும் தேறிவிடும்.

சிறு வேறுபாடு வளரவும் கூடும். 1991-இல் வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையின் 'பேட்ரியட்' ஏவுகணைத் தடுப்புப் பொறி நின்றது. அது காலத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி, வெட்டப்பட்ட அப்பின்னத்தால் பெருக்கி நொடியாக்கியது. 8 மணி நேரத்தில் பிழை 0.0275 நொடி, 100 மணி நேரத்தில் 0.3433 நொடி. அவ்வளவு நேரம் எவரும் இடைவிடாது இயக்கார் என்று அதிகாரிகள் கருதியிருந்தனர். பிப்ரவரி 25 அன்று, 100 மணிக்கு மேல் ஓடிய அப்பொறி, வந்த ஏவுகணையைத் தவறான இடத்தில் தேடியது. படைவீடு தாக்கப்பட்டு 28 வீரர் மாண்டனர். திருத்திய கட்டளைத் தொகுதி மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

ஒப்பிடும் வேலையைப் பொறி சலிப்பின்றிச் செய்யும். எவ்வளவு வேறுபாட்டைப் பொறுப்பது, எவ்வளவு காலம் ஓடவிட்டுச் சோதிப்பது என்பவற்றை மாந்தரே ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும்.