படர்தாமரைக்கு ஒரு குட்டி வரலாறு

டெல்லியின் ஆகஸ்ட் புழுக்கத்தைப் பற்றி இங்கிருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. படர்தாமரைக்கு அதுதான் சீசன். நான் பி.காம் ஆசாமி, டாக்டர் இல்லை. ஆனாலும் தேடிப் படித்ததில் ஒன்று உறைத்தது. இதன் சமீபத்திய வரலாற்றில் நம் டெல்லிக்கும் ஒரு பக்கம் உண்டு.

1939-ல் பிரித்தெடுத்த க்ரிஸியோஃபுல்வின், 1958-ல்தான் மனிதர்களுக்கு மாத்திரையாகப் பயன்பட்டது. 1990-களில் டெர்பினாஃபின் பரவியது. பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாகாமல் தடுக்கும் மருந்து இது. சில வாரங்களில் குணம்.

பிறகு கடைகளில் ஸ்டீராய்டு கலந்த ட்யூப்கள் குவிந்தன. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். பூஞ்சையோ உள்ளே படரும். அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டுகிற கதைதான்!

2018-ல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர், டெர்பினாஃபினுக்கு மசியாத பூஞ்சைகளை டெல்லி நோயாளிகளிடம் கண்டு எழுதினார்கள். மருந்து தாக்கவேண்டிய நொதியின் மரபணுவே மாறியிருந்தது. அதே ஆண்டு 14 ஸ்டீராய்டு களிம்புகளுக்கு டாக்டர் சீட்டை அரசு கட்டாயமாக்கியது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா! 2023-ல் நியூயார்க்கிலும் இது பதிவானது.

இப்போது பெரும்பாலும் இட்ரகோனசோல்தான் கைகொடுக்கிறது, அதுவும் பல வாரங்கள், தோல் மருத்துவர் மேற்பார்வையில். ஆகவே மக்களே, கடைக்காரர் நீட்டும் ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.